கடைசிக்கு முந்தின இடம்

மூன்றாவது தடவையாகச் செயின் கழன்றது. மருந்துக்கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் எதிரே சப்பென்று உட்கார்ந்தார்.

சைக்கிள் போட்டியில் ஆறு கிலோமீட்டர் முடிந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு பாக்கி. காட்டுப் பாதையில் முன்னால் ஒரு ஈ, காக்கா இல்லை. கடைசியாகத் தெரிந்த முதுகும் அரை மணி நேரத்துக்கு முன்பே மேடேறி மறைந்துவிட்டது.

"கடைசியா வந்தா சைக்கிளை வித்துடணும்" என்று காலையில் கிளம்பும்போதுகூட மனைவி ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். "பாதியில விட்டுட்டு வந்தாலும் விக்கணும். சரியா?"

அவள் பக்கம் நியாயம் இருந்தது. எட்டு மாதமாக அந்த சைக்கிள் படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நிற்கிறது. நாலு தடவை அவள் கால் சுண்டுவிரல் அதில் இடித்திருக்கிறது. மலையேறுவதற்கென்றே செய்த சைக்கிள். ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற மேம்பாலம்தான் அது இதுவரை ஏறிய ஒரே மலை. என்றாலும் மருந்துக்கடைக்காரருக்கு அதன் மேல் உயிர். மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் தினமும் முதலில் அதைத் துடைத்துவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைப்பார். அதை இன்னொருத்தன் ஓட்டிக்கொண்டு போவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பின்னால் புஸ் புஸ்ஸென்று மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவர் தள்ளாடியபடி வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன சார், செயினா?"

மருந்துக்கடைக்காரருக்கு, போட்டி தொடங்குமுன் மைக்கில் பேசினவர் சொன்னது ஞாபகம் வந்தது. 'எல்லாருக்கும் பின்னாடி பளிச்னு ஜாக்கெட் போட்டுக்கிட்டு நம்ம ஆளு ஒருத்தர் வருவாரு. வழிகாட்டுற கொடியெல்லாம் எடுத்துக்கிட்டே வருவாரு.' மீதி காதில் விழவில்லை. அப்போது மனைவி ஹெல்மெட் வாரோடு அவர் தாடைத் தோலையும் சேர்த்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

மரியாதையாக எழுந்து நின்றார்.

"சார், எல்லாருக்கும் பின்னாடி வர்ற அதிகாரி நீங்கதானே?"

ஜாக்கெட்காரர் முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"ஆமா" என்றார்.

"அப்ப நான்தான் கடைசியா?"

"அது... அப்படித்தானே ஆகுது."

மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மனைவி, சுண்டுவிரல், நிபந்தனை, ஒன்றும் பாக்கியில்லை. கேட்கக் கேட்க ஜாக்கெட்காரரின் முகம் வாடிக்கொண்டே போனது. இவ்வளவு இளகிய மனசுள்ள அதிகாரியை மருந்துக்கடைக்காரர் எங்கேயும் பார்த்ததில்லை.

"நகருங்க, நான் பாக்கறேன்" என்று ஜாக்கெட்காரர் செயினை இழுத்தார், எதையோ தட்டினார், எதையோ முறுக்கினார். "இனிமே கழலாது."

கழலவில்லைதான். கியரும் அதோடு மாறவில்லை. இருப்பதிலேயே கனமான கியரில் கெட்டியாக மாட்டிக்கொண்டுவிட்டது. மேடு வந்ததும் மருந்துக்கடைக்காரர் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஜாக்கெட்காரரும் இறங்கினார்.

"நீங்க ஏன் சார் தள்ளிக்கிட்டு வர்றீங்க? ஓட்டுங்களேன்."

"நீங்க இறங்கிட்டா நான் எப்படிங்க ஓட்டறது? முந்திடுவேனே" என்றார் அவர். அந்தப் பேச்சில் ஏனோ ஒரு பெருமூச்சு கலந்திருந்தது.

"வெயில்ல ஜாக்கெட்டைக் கழுத்து வரைக்கும் மூடியிருக்கீங்களே, கழட்டிடலாமே?"

"வேணாங்க, பழகிப்போச்சு" என்று அவர் ஜிப்பை இன்னும் ஒரு அங்குலம் மேலே ஏற்றினார்.

"கொடியெல்லாம் எடுக்கலையா?"

ஜாக்கெட்காரர் திடுக்கிட்டுத் திரும்பி, பாதையோரம் வரிசையாக ஆடிக்கொண்டிருந்த கொடிகளைப் பார்த்தார். "திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்."

'பாவம், என்ன உத்தியோகமோ' என்று நினைத்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர்.

பாரத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. சைக்கிளில் இருந்த கனமான சாமான் இரண்டு பாட்டில் தண்ணீர்தான். கீழே கொட்ட மனசில்லாமல் இரண்டையும் ஒரே மூச்சில் குடித்தார். சைக்கிளின் பாரம் குறைந்து அவருடைய பாரம் கூடியது. அடுத்த மூன்று கிலோமீட்டரில் நாலு தடவை புதர் ஓரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. நாலு தடவையும் ஜாக்கெட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். ஒரு தடவை மட்டும், "நான் அப்படியே மெதுவா போய்க்கிட்டே இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"ஐயோ, போயிடாதீங்க சார்! எனக்குப் பயமா இருக்கு" என்று புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

பதினோராவது கிலோமீட்டரில் ஒரு பாறைமேல் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் எண் அட்டை. போட்டியாளர்!

"கணக்கு வாத்தியார் சார் நான். தொடை பிடிச்சுக்கிச்சு. என்னால ஆகாது, விட்டுட்டேன். ஜீப் வரும்னு உட்கார்ந்திருக்கேன்."

மருந்துக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிமிஷமே ஒரு சந்தேகம் தட்டியது. ஜாக்கெட்காரரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"சார், இவரு விட்டுட்டா யாரு கடைசி? அவரா, நானா?"

"நீங்கதான். விட்டவங்க பேரு பட்டியல்லயே வராது. முடிச்சவங்கள்லதான் கடைசி பாப்பாங்க. இது எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் ஜாக்கெட்காரர்.

மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய் வாத்தியார் காலடியில் உட்கார்ந்தார். "விடவே கூடாது சார்! பிள்ளைங்களுக்கு நாளைக்கு என்ன முகத்தோட பாடம் எடுப்பீங்க? நீங்க முடிச்சே ஆகணும். அவசரமே இல்ல. எங்களுக்குப் பின்னாடி மெதுவா வாங்க. ரொம்ப மெதுவா."

தொழில் கை கொடுத்தது. பையில் இருந்த வலி மருந்தை எடுத்துத் தொடையில் தேய்த்தார். கேட்காமலே ஜாக்கெட்காரர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டார். ஒரு அதிகாரி போட்டியாளரின் காலைப் பிடித்துவிடுவதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். இருபது நிமிஷம் தேய்த்தார்கள். இரண்டு வாழைப்பழமும் ஊட்டாத குறையாகக் கொடுத்தார்கள்.

வாத்தியார் எழுந்தார். காலை உதறினார். ஒரு குதி குதித்துப் பார்த்தார்.

"அட, வலியே இல்ல! ரெண்டு பேரும் தெய்வம் மாதிரி வந்தீங்க சார்" என்று சைக்கிளில் ஏறினார். ஏறினவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வளைவில் கண்ணுக்கே தெரியவில்லை.

"மெதுவாத்தானே வரச் சொன்னேன்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஜாக்கெட்காரர் இரண்டு வாழைப்பழத் தோலையும் கையில் வைத்துக்கொண்டு, வாத்தியார் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசி மேட்டின் உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே முந்நூறு மீட்டரில் மைதானம். பந்தல், நாற்காலிகள், முடிவுக்கோடு. மைக்கில் கணக்கு வாத்தியாருக்குப் பாராட்டு நடந்துகொண்டிருந்தது. பந்தலின் ஓரத்தில் குடை பிடித்தபடி மனைவி. அவ்வளவு தூரத்திலும் குடையின் சாய்வைப் பார்த்தே அவருக்கு அடையாளம் தெரிந்தது.

அங்கேதான் மருந்துக்கடைக்காரருக்கு மூளை வேலை செய்தது.

"சார், ஒரே ஒரு உதவி. நீங்க எனக்குப் பின்னாடி வந்தா, நான்தான் கடைசின்னு கழுத்துல பலகை மாட்டின மாதிரி ஆயிடும். அதனால நீங்க முன்னாடி போயிடுங்க."

ஜாக்கெட்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார். "நான் முன்னாடியா?"

"ஆமா. நீங்க கோட்டைத் தாண்டிட்டா எல்லாரும் வந்தாச்சுன்னு நினைச்சுக்குவாங்க. மைக்கை அணைச்சுடுவாங்க. கூட்டம் கலையும்போது நான் ஓரமா கோட்டைத் தாண்டி, எப்பவோ வந்துட்டு மூஞ்சி கழுவப் போனவன் மாதிரி நின்னுக்குவேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

"அப்புறம் என் மேல கோவப்படக் கூடாது."

"உங்க மேலயா? இவ்வளவு தூரம் கூடவே வந்தீங்களே! உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன் சார்."

ஜாக்கெட்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே பந்தலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி சரிவில் பாய்ந்தார். இத்தனை நேரம் புஸ் புஸ்ஸென்று வந்தவருக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ!

விதியை மீறுவதற்காக மன்னிப்புக் கேட்கிற மனுஷன்! நேர்மை என்றால் இதுதான் என்று மருந்துக்கடைக்காரர் உருகிப்போனார். ஐந்து நிமிஷம் எண்ணிவிட்டுக் கிளம்பினார்.

மைக் அணையவில்லை. கூட்டமும் கலையவில்லை. எல்லோரும் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதோ வர்றாரு பாருங்க! நம்ம கடைசி வீரர்! எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுங்க!"

இருநூறு பேர் எழுந்து நின்றார்கள். அவர் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். ஓரமெல்லாம் கயிறு கட்டியிருந்தது. முதல் பரிசு வாங்கப்போகிறவனே கூட ஓடிவந்து முதுகில் தட்டினான். கணக்கு வாத்தியார் நாற்காலிமேல் ஏறி விசில் அடித்தார். அந்தக் கோலாகலத்தோடு மருந்துக்கடைக்காரர் கோட்டைத் தாண்டினார்.

"போட்டியாளர் எல்லாரும் வந்தாச்சு! கொடி எடுத்துக்கிட்டு வர்ற நம்ம ஆளும் வந்துட்டா பரிசளிப்புதான்!"

'அவருதான் அப்பவே வந்துட்டாரே, மைக்கில பேசறவருக்குக் கண் தெரியலையா' என்று நினைத்தபடி மனைவியிடம் போனார். அவளோடு காலையிலிருந்து நாற்காலியைப் பகிர்ந்துகொண்டு சிநேகமாகிவிட்ட ஒரு பெண்மணி, கையில் ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றாள்.

மனைவி கோபப்படவில்லை. துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"முடிச்சீங்களே, அதுவே பெரிசு" என்றாள். "ஆனா சொன்னது சொன்னதுதான். நாளைக்கே விக்கறதுக்கு ஆள் பாக்கணும். ஏங்க, அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டையாவது முந்தியிருக்கக் கூடாதா? அஞ்சு நிமிஷம் முன்னாடிதானே வந்தாரு?"

"அட, அவரு போட்டியிலயே இல்ல. அவரு அதிகாரி. நான்தான் முன்னாடி போகச் சொன்னேன்."

ஃபிளாஸ்க் வைத்திருந்த பெண்மணி சிரித்துவிட்டாள்.

"அதிகாரியா? எங்க வீட்டுக்காரருங்க அவரு! நாலு வருஷமா இதுல அவருதான் கடைசி, இந்தத் தடவையும் கடைசியா வந்தா சைக்கிளை வித்துடுவேன்னு சொல்லியிருந்தேன், எப்படியோ தப்பிச்சுட்டாரு!"