நல்ல கிருமிக்குக் கருப்பட்டி

பாதி தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான். நான் கையையும் சும்மா வைத்துக்கொண்டிருக்கவில்லை.

சங்கரன்கோவில் பக்கம் என் எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பிராய்லர் கோழிக் கொட்டகை வைத்திருக்கிறேன். ஒரு சித்திரையில் கோழிகளுக்குக் கழிச்சல் கண்டது. கால்நடை டாக்டர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, எடுத்ததுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வேண்டாம். இது புரோபயாட்டிக். குடலுக்கு நல்லது செய்யுத கிருமி. காலைல தண்ணில கலந்து விடுங்க. குடிச்சு முடிச்சதும் வெறுந்தண்ணி விட்டு பைப்பைக் கழுவிருங்க" என்று ஒரு பாக்கெட்டைக் கொடுத்தார்.

இவ்வளவு பெரிய கொட்டகைக்கு இத்தனூண்டு பாக்கெட்டா? பற்றிக்கொண்டு வந்தது. எலுமிச்சை மரத்துக்கு நாங்கள் நுண்ணுயிர்க் கரைசலை வெல்லம் போட்டு டிரம்மில் பெருக்குகிறவர்கள். மரத்துக்குப் பெருகுகிற கிருமி கோழிக்குப் பெருகாதா? கோழி வாயால் குடிக்கிறதே என்று மரியாதையாகக் கருப்பட்டியே போட்டேன். (என்னை நானே அறைந்துகொள்ளலாம்.) டிரம்மில் இரண்டு நாள் ஊறியதும் நுரை பொங்கியது.

என் மனைவி கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, டாக்டர் இப்படியா சொன்னாரு?"

"ஏட்டி, அவருக்கு என்ன தெரியும்? நீ அடுப்பப் பாரு."

மேல்தொட்டியில் ஊற்றிவிட்டேன். பைப்பைக் கழுவவில்லை. மருந்தை எவனாவது கழுவிக் கொட்டுவானா?

மறுநாள் உச்சி வெயிலில் கொட்டகை அமைதியாக இருந்தது. கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? வயிறு குளுந்து படுத்துக் கிடக்கு."

கோழிகள் தட்டிக் குடிக்கும் நிப்பிளை அவள் விரலால் அழுத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. அடுத்ததை அழுத்தினாள். சளி மாதிரி ஒரு கொழகொழப்பு நூலாக இறங்கியது.

"படுத்துக் கிடக்கலங்க, சாகக் கிடக்கு! நின்னு பாக்கியளே, தண்ணியக் கொண்டாங்க!"

அத்தனையும் வாயைப் பிளந்து இரைத்தன. அந்த வெயிலில் இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் இல்லையென்றால் கொட்டகையே காலி. வாளி, சட்டி, இட்லிக் கொப்பரை என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் வைத்தோம். ஒரு வாளி வைத்தால் கூட்டமாக ஏறி ஒன்றை ஒன்று மிதித்தன. கோமதி எங்கள் கல்யாணத் தாம்பாளத்தையும் கொண்டுவந்து வைத்தாள். ராயகிரியிலிருந்து கோழி விருந்துக்கு வந்த அவள் தம்பி முருகன், ஊக்கை வைத்து நிப்பிள் நிப்பிளாகக் குத்திக்கொண்டிருந்தான். நான் ஓடிய ஓட்டத்தில் பாதித் தண்ணீர் என் வேட்டியில்.

கோமதி போன் போட்டு டாக்டர் வந்ததும் பாய்ந்தேன். "என்னவே மருந்து குடுத்தீரு?"

அவர் தொட்டியைத் திறந்து முகர்ந்தார். "அண்ணாச்சி, மருந்து கலக்கச் சொன்னா சாராய ஊறல் போட்டு வச்சிருக்கீங்க! நல்ல கிருமிக்குன்னு இலை போட்டீங்க, ஊர்ல உள்ள கெட்ட கிருமியெல்லாம் பந்தியில உக்காந்துட்டு. பைப்பெல்லாம் பாசி புடிச்சு அடச்சிருக்கு."

மூலையில் கிடந்த சில கோழிகள் எழவே இல்லை. மற்றவை சாயங்காலம் கொக்கரித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. தொட்டியையும் பைப்பையும் தேய்த்துக் கழுவி, டாக்டர் தந்த இன்னொரு பாக்கெட்டை அவர் சொன்னபடியே கலந்து கொடுத்தாள் கோமதி. கழிச்சல் நின்றது. (அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.)

இப்போது மருந்து அலமாரிச் சாவி கோமதி இடுப்பில். எனக்கு வெறுந்தண்ணீர் வால்வைத் திறக்க மட்டும் அனுமதி உண்டு. போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்தில் கை கழுவப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. பந்தியிலிருந்து முருகன் மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"அத்தான், இங்கனயும் கருப்பட்டி போட்டுட்டியளா?"