வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவரின் விண்ணப்பம்

என் அன்பிற்கும், கொஞ்ச நாளாக என் பொறாமைக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் மனைவியும், உங்கள் சட்டைப் பையில் குடியிருக்கும் அந்தக் கறுப்பு கார்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாலு தெரு தள்ளி இருக்கிற மனிதனுக்கு எதற்குக் கடிதம், போன் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். போன் இருக்கிறது. ஆனால் நீங்கள் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவீர்கள். நான் சொல்லப்போகிற விஷயம் உங்கள் மனைவி காதில் விழுந்தால், நான் போனை வைப்பதற்குள் அது உங்கள் அக்காவிடம் வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

போன தடவை நாம் நாலு பேரும் சேர்ந்து ஊருக்குப் போனது உங்களுக்கு மறந்திருக்கும். சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு மறக்கும், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எப்படி மறக்கும்? விமானம் தாமதம் என்று பலகையில் போட்டதும் நீங்கள் கார்டை எடுத்துக்கொண்டு, அதைக் காட்டினால் சோபாவும் காப்பியும் கிடைக்கிற லவுஞ்ச் பக்கம் நடந்தீர்கள். நாங்களும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்த பிறகு திரும்பி, "அத்தான், கூட ஒரு ஆளைத்தான் கூட்டிட்டுப் போகலாமாம்" என்றீர்கள். சரி, அது அவர்கள் சட்டம். கட்டின மனைவியை வெளியே நிறுத்திவிட்டு அக்காவைக் கூட்டிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், அதிலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, காகித நாப்கினில் சுற்றி இரண்டு பிஸ்கட்டை நீட்டி, "அக்கா, உனக்குத்தான் எடுத்துட்டு வந்தேன், சாப்பிடு" என்றீர்களே, அங்கேதான் வினை பிடித்தது.

உங்கள் அக்கா ஒரு பிஸ்கட்டைத் தின்றாள். இன்னொன்றை எனக்குக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தாலாவது எனக்குப் பழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்கள் மனைவி காலை நீட்டிச் சாய்ந்திருந்ததைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிப்போன காலை மெதுவாக என் பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. "அடுத்த தடவை உன்னை நான் உள்ள கூட்டிட்டுப் போறேன், இது சத்தியம்" என்று சொல்லிவிட்டேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அந்த அடுத்த தடவைதான் வருகிற மாதம், உங்கள் பெரியக்கா மகன் கல்யாணம். அதே நாலு பேர், அதே விமான நிலையம்.

சத்தியம் செய்தபோது எனக்குத் துளியும் பயம் இல்லை. என்னிடம் கார்டுகளுக்கா பஞ்சம்? உங்களுக்கே தெரியும், நான் வேலை பார்த்த காலம் முழுக்க வீடு வீடாகப் படியேறி வேக்கும் கிளீனர் விற்றவன். என் முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட கதவுகளை ஒரு இடத்தில் சேர்த்தால் மரக்கடையே வைக்கலாம். அதனால் கழுத்தில் டையும் கையில் படிவமுமாக எவனாவது "சார், ஒரே நிமிஷம்" என்று வந்தால் என் கால் தானாக நின்றுவிடும். வேண்டாம் என்ற வார்த்தை தொண்டை வரை வரும், அவனுடைய ஷூவின் தேய்ந்த குதிகாலைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விடும். கையெழுத்துதானே, காசா பணமா என்று போட்டுக் கொடுத்துவிடுவேன். செருப்புக் கடையில் ஒரு கார்டு வாங்கினேன். மழைக்கு ஒதுங்கிய மெத்தைக் கடையில் ஒன்று, மெத்தை வாங்கவில்லை. பெட்ரோல் பங்கில் ஒன்று, நமக்கு வண்டியே கிடையாது, வழி கேட்கத்தான் போனேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தால், வாசலில் ஒரு பெண் மேஜை போட்டு உட்கார்ந்து, "கார்டு ஒண்ணு போட்டுக்கறீங்களா சார்?" என்கிறாள். வாய் மரத்துப்போய்ப் பேச்சு வரவில்லை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் வலியில் உயிர் போனது. மேலும் கீழுமாக ஆட்டினேன். அப்படி ஒன்று. இவற்றில் எதையும் நான் ஒரு கடையிலும் நீட்டியதே இல்லை. எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு பீரோவில் பனியன்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவன், உங்களுக்குக் கறுப்பு கார்டு கொடுத்த அதே வங்கிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானே ஆசைப்பட்டுக் கேட்கிற கார்டு. வேறு கார்டுகள் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பதில் எழுதக் கொடுத்திருந்த இடம் போதவில்லை. விற்பனைத் தொழிலில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? புது வீட்டுப் படியேறும்போது, ஏற்கெனவே வாங்கியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர் வீட்டம்மா வாங்கிட்டாங்க, மாடி வீட்டு டாக்டர் வாங்கிட்டார் என்றால் சாத்தப்போன கதவும் கொஞ்சம் திறக்கும். அதே முறையில் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, எனக்குக் கார்டு கொடுத்த எல்லோர் பெயரையும் வரிசையாக எழுதி, "என்மீது நம்பிக்கை வைத்த நிறுவனங்கள்" என்று தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் இழுத்துப் படிவத்தோடு இணைத்தேன். அதோடு விட்டேனா? பழைய சரக்கு என்று நினைத்துவிடக் கூடாதே என்று, "இவை அனைத்தும் இந்த ஒரே வருடத்தில் கிடைத்தவை" என்று அடியில் ஒரு வரி வேறு சேர்த்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்து, உங்கள் அக்காவை மல்லுக்கட்டிக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு புதுச் செருப்பும் வாங்கிக் கொடுத்தேன். அவளும், "சோபாவுக்குக் கீழ கழட்டிப் போடறப்ப பார்க்க நல்லா இருக்கணும்ல" என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தாள்.

பதில் வந்தது. குறுகிய காலத்தில் அளவுக்கு மீறிய கணக்குகளைத் தொடங்கியிருப்பதால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லையாம். வருந்துகிறார்களாம். எனக்கு வந்த கோபத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நேரே வங்கிக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு அதிகாரி. நம் வீட்டுப் பெண் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு சார்" என்றாள்.

"நான் யார்கிட்டயும் கடனே வாங்கலையேம்மா. இத்தனை கார்டு இருந்தும் ஒண்ணையும் தொட்டதில்ல. என்னைவிட நல்லவன் உங்களுக்கு எங்க கிடைப்பான்?"

"அதான் சார் சந்தேகமே. ஒரே வருஷத்துல பத்து வீட்ல பொண்ணு கேட்டுட்டு வந்தவருக்குப் பதினோராவது வீட்ல குடுப்பாங்களா?"

"பத்து வீட்லயும் குடுத்துட்டாங்களேம்மா!"

"அப்ப இன்னும் மோசம் சார்."

பழைய கார்டுகளை மூடிவிட்டு, ஒரு வருஷம் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருந்துவிட்டு வந்தால் பார்க்கலாம் என்றாள். "கல்யாணம் அடுத்த மாசம்மா" என்றேன். "உங்களுக்கா சார்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், லவுஞ்ச் எல்லாம் இல்லாத சாதா கார்டு ஒன்று இருக்கிறது, அதற்கு வேண்டுமானால் எழுதிக் கொடுத்துப் பார்க்கிறீர்களா என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்தேன். அதையும் சிஸ்டம் வேண்டாம் என்றுவிட்டது.

சரி, கார்டுகளை மூடலாம் என்று வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராகப் போன் போட்டேன். மூடுகிறேன் என்று சொன்னால் உடனே வேறொரு ஆளிடம் இணைப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். போகிறவனைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்த ஆளின் வேலை. மெத்தைக் கடைக் கார்டுக்காகப் பேசிய பெண் தேன் ஒழுகப் பேசினாள், ஆனால் முடிக்கத் தெரியவில்லை, கடைசியில் மளமளவென்று கொட்டிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டாள். தொழில் தெரிந்தவனுக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வாயை மூடிக்கணும்மா. எதிராளியே பேசட்டும்னு விட்டுடணும், அந்த அமைதிய அவனால தாங்க முடியாது" என்று ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். ரொம்ப நன்றி சார் என்றாள். பிறகு, "இதே கார்டுல தங்க கார்டு ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்திடட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. சரிம்மா என்றேன். சாயங்காலத்துக்குள் எல்லோரிடமும் பேசி முடித்தேன். மூடியது ஒன்றுகூட இல்லை, புதிதாக இரண்டு சேர்ந்திருந்தது. கூரியர்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் காரணமே இல்லாமல் சிரிக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். அன்றைக்கு லவுஞ்ச் வாசலில் நீங்கள் உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். உங்கள் மனைவி என்னோடு வெளியே இருக்கட்டும். தப்பாக நினைக்காதீர்கள், எனக்குத் தங்கை முறை. அவளுடைய முழங்கால் வலிக் கதையை முதலிலிருந்து கேட்கிறேன், நடுவில் கொட்டாவி விட மாட்டேன். காரணம் கேட்டால் சிஸ்டம் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் காலத்தில் யாரும் சிஸ்டத்தை எதிர்த்துப் பேசுவதில்லை. விமானத்தில் ஜன்னலோர இடத்தை அவளுக்கே விட்டுக்கொடுக்கிறேன். பதிலுக்கு நீங்கள் திரும்ப பிஸ்கட் எடுத்துக்கொண்டு வெளியே வராமல் இருந்தால் போதும். உங்கள் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு பெரிதாக எதையும் கேட்டதில்லை. அந்த சோபாவில் காலை நீட்டி, யாரோ கொண்டுவந்து கொடுக்கிற ஒரு காப்பியை அவள் குடிக்க வேண்டும். அதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலே எனக்குப் போதும். என்னால்தான் ஆகவில்லை, உங்களாலாவது ஆகட்டும்.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், இந்த முழுக் கடிதத்தையும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நல்ல புத்தியோடு, முன்பின் தெரியாதவர் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாமல் நெடுங்காலம் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பல வங்கிகளின் நம்பிக்கைக்கும் ஒரு வங்கியின் சந்தேகத்துக்கும் பாத்திரமான,
உங்கள் அத்தான்

பி.கு.: மேலே கேட்டது எதுவும் வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போன நேரத்தில், மேஜைமேல் இருந்த கடிதத்தை உங்கள் அக்கா எடுத்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். நான் வெளியே வந்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, உங்களிடம் இருக்கிற அதே கறுப்பு கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் பெயர்தான் போட்டிருக்கிறது. போன தடவை ஊரிலிருந்து திரும்பிய வாரமே, தன் பென்ஷன் வருகிற வங்கியில் எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டாளாம். கூட ஒரு ஆளைக் கூட்டிப்போகலாமாம். "அப்புறம் ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "எனக்காக நீங்க அலையறதைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு? இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமேன்னு விட்டுட்டேன்" என்கிறாள். எனக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், "அப்படியே அனுப்புங்க, தம்பி பொண்டாட்டியும் படிக்கட்டும்" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆகவே உங்கள் மனைவியை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், உள்ளே பார்ப்போம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை, "உனக்கு மட்டும் எப்படிக் கேட்டதும் குடுத்தாங்க?" என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "என் பேர்ல வேற கார்டே இல்லைல்ல, சந்தோஷமா குடுத்தாங்க. வாசலுக்கு வந்த அத்தனை பேருக்கும் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேன். ஒரே ஒரு தடவை, எங்கம்மா வீட்டு வாசல்ல வேக்கும் கிளீனரோட வந்து நின்ன ஒருத்தனுக்குத்தான் சரின்னு சொன்னேன். அதுக்கப்புறம் இந்தக் கார்டு வரைக்கும் இன்னொரு கையெழுத்துப் போடற தைரியம் எனக்கு வரவே இல்ல."