பின்கியர் தொடாத தண்டயல்

பின்கியரை ஒரு தடவைகூடப் போடாமல் ஒன்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவருடைய பஸ்ஸில்தான் நான் திங்கட்கிழமைதோறும் ஏற வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரன் ஒருநாள் போய்விடுவான் என்று எவரும் நினைத்திராத காலம். எனக்கு முள்ளிக்குளத்தில் ஆசிரியர் வேலை. வீடு மன்னார் டவுனில். நடுவில் வங்காலை, அரிப்பு, முசலிப் பகுதி என்று நீளும் மணல் பாதை. அந்தப் பாதைக்கு ஒரே ஒரு பஸ், அதற்கு ஒரே ஒரு சாரதி. அவருடைய சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. ஊர் அவரைத் தண்டயல் என்றது. பாய்த்தோணியின் தலைவனை எங்கள் கரையில் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் முசலிப் பக்கத்து முஸ்லிம். இருபது வருஷம் மன்னாருக்கும் கீழக்கரைக்கும் இடையே தோணி ஓட்டியவர். ஒரு கச்சான் காற்றில் தோணி உடைந்ததும் கரைக்கு வந்து பஸ்ஸில் ஏறினார். உடம்பு மட்டும்தான் கரைக்கு வந்தது.

முதல் கியர் விழுந்தால், "நங்கூரம் தூக்கியாச்சு" என்பார். மேல் கியர் விழுந்தால், "பாய் விரிச்சாச்சு." காற்று தெற்கிலிருந்து அடித்தால் பஸ் பிந்தும் என்று முன்கூட்டியே அறிவிப்பார். வடக்கிலிருந்து அடித்தாலும் பிந்தும். அதற்கு அறிவிப்பு இல்லை.

அந்தக் காலத்துக் கியர்ப்பெட்டி இப்போதையதைப் போல அடங்கி நடக்காது. கிளச்சை ஒரு தரம் மிதித்து, விட்டு, எஞ்சினின் சத்தம் சரியான இடத்துக்கு வரும்போது மறுபடி மிதித்து, கியரைத் தள்ள வேண்டும். சத்தம் பிசகினால் பெட்டிக்குள் இரும்பு அலறும். தண்டயல் அதைக் காதால் மட்டுமே செய்தார். ஆகவே கியர் மாற்றும்போது பஸ்ஸில் எவரும் பேசக்கூடாது.

"வாயை மூடுங்கோ, மாத்தப் போறன்" என்பார்.

உடனே முழுப் பஸ்ஸும் மூச்சடங்கும். விலை பேசிக்கொண்டிருந்த வியாபாரி பாதி விலையில் நிற்பார். வங்காலைப் பெண்கள் செபமாலையில் "அருள் நிறைந்த" என்பதோடு நிறுத்தி, கியர் விழுந்த பிறகு "மரியே" என்பார்கள். ஒருநாள் ஒரு கோழி அடங்கவில்லை. தண்டயல் பஸ்ஸை நிறுத்தினார்.

"ஆற்றை கோழி?"

வங்காலைக் கருவாட்டு வியாபாரி மதலேனம்மா கையை உயர்த்தினாள். "என்ரதான். வாயில்லாச் சீவன், அண்ணை."

"வாயில்லாட்டி ஏன் கத்துது? அதை மடிக்குள்ள வைச்சு மூடுங்கோ. நாலு கியரும் விழுந்தாப் பிறகு கத்தட்டும்."

மணலில் மேல் கியர் நிலைப்பது அரிது. ஆகவே கோழி முள்ளிக்குளம் வரை மடிக்குள்ளேயே வந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது பின்கியர். மன்னாரில் கோட்டை வெளியைச் சுற்றிப் பஸ்ஸைத் திருப்புவார். முள்ளிக்குளத்தில் மாதா கோயிலைச் சுற்றுவார். பூசை நேரமென்றால் சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, பஸ் மறுபக்கம் போய்த் தொலையும்வரை காத்திருப்பார். ஆனால் வங்காலைக்கு அப்பால் உள்ள மதகுப் பாலம் ஒடுக்கமானது. எதிரே மாட்டுவண்டி வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்க வேண்டும். மாடு பின்வாங்காது. தண்டயலும் பின்வாங்க மாட்டார்.

கியரை நடுவில் தட்டிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்வார். அதுதான் அடையாளம். ஆண்கள் இறங்கிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ்ஸின் மூக்கில் கைவைத்துப் பின்னோக்கித் தள்ளுவோம். பெண்கள் பஸ்ஸின் பின்னால் நின்று, "கொஞ்சம் வலப்பக்கம், காணும், காணும்" என்று வழி சொல்லி, போதுமானதும் நிறுத்துவார்கள். ஒன்பது வருஷப் பழக்கத்தில் அவரவருக்கு இடம் நிலைத்திருந்தது. என் இடம் றேடியேற்றர். சூடு அதிகமானதால் வேறெவரும் கேட்கவில்லை.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "பின்கியரைப் போட்டால் என்ன, தண்டயல்?"

"மாஸ்டர், பின்னுக்குப் பாயெடுத்த தோணியை எங்கையாவது கண்டனீங்களோ?"

"இது பஸ்."

"ஓம். அதுதான் சொல்லுறன். தோணியே செய்யாத வேலையைப் பஸ் செய்யுமோ?"



பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் என் கதிரையில் உட்கார்ந்து என் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என் வெள்ளைச் சட்டையில் றேடியேற்றரின் கம்பிகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. அவர் நிதானமாகப் பார்த்தார்.

"மாஸ்டர், உம்மை ஆர் வாட்டினது?"

வகுப்பு சிரித்தது. அன்று மாலை கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். பின்னே செல்லத் தெரியாத சாரதியின் கையில் ஒரு பகுதி மக்களின் உயிர் இருப்பது குறித்து எழுதியிருந்தேன். கீழே "ஒரு பயணி" என்று மட்டும் போட்டேன். நல்ல கடிதம். ஒரு சொல்லையும் வெட்டாமல் போட்டார்கள்.

ஒரு மாதத்தில் லைசென்ஸ் கொடுக்கும் கந்தோரிலிருந்து தண்டயலுக்குக் கட்டளை வந்தது. எக்ஸாமினர் வந்து பஸ்ஸிலேயே ஏறி மறுபடி சோதிப்பார். தவறினால் லைசென்ஸ் போகும். தண்டயல் அந்தக் காகிதத்தை என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவந்தார். வாசித்தேன்.

"ஆரோ பேப்பரில எழுதிப்போட்டான், மாஸ்டர். எழுதினவனில பிழையில்லை. அவனுக்கு என்ன அந்தரம் ஆபத்தோ." காகிதத்தை நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்தார். "கடலும் போச்சு. இதுவும் போனா நான் எங்க போறது?"

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை நான் வீடு திரும்பும் பயணத்தில் எக்ஸாமினர் ஏறினார். யாழ்ப்பாணத்தவர். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத காற்சட்டை. தண்டயலுக்குப் பக்கத்தில் இருந்து கொப்பி ஒன்றில் குறித்துக்கொண்டே வந்தார். அன்று கியர்கள் வெண்ணெயாக விழுந்தன. பஸ்ஸில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. கோழிகளை எல்லோரும் வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். அவருக்கு லைசென்ஸ் நிற்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் எவருக்கும் வேறு நினைப்பில்லை. எனக்கு மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகம்.

மதகின் நடுவில் எக்ஸாமினர் கையைக் காட்டினார்.

"நிப்பாட்டும். இப்ப அந்தக் கல்லுவரைக்கும் பின்னுக்கு எடும் பாப்பம்."

தண்டயல் கியர்த் தடியில் கை வைத்தார். பிறகு அசையவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி அப்படியே இருந்தார். அவருடைய பிடரியில் வியர்வை இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். மனிதர் பின்கியரைப் போட மாட்டார், இப்போதும் போட மாட்டார், எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பட்டது. அதற்குமேல் யோசித்த ஞாபகம் இல்லை. நான் எழுந்து இறங்கினேன். என்னைக் கண்டு வியாபாரிகள் இறங்கினார்கள். பெண்கள் பின்பக்கம் ஓடினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல், பஸ்ஸை அந்தக் கல்லுவரை நூல் பிடித்ததுபோல் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு அழகாகத் தள்ளியதில்லை.

எக்ஸாமினர் இறங்கி வந்தார். "இது இங்க வழக்கமோ?"

மதலேனம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: "ஓம் ஐயா. எப்பவும் இப்பிடித்தான். அவருக்கு ஒரு கரைச்சலும் குடுக்கிறேல்ல."

எக்ஸாமினர் கொப்பியில் நீளமாக எழுதினார்.

"ஐயா, ஒருக்காப் பொறுங்கோ, நான்..." என்று தண்டயல் ஆசனத்திலிருந்து தொடங்கினார்.

"கண்டது காணும்" என்று எக்ஸாமினர் கொப்பியை மூடினார்.

அன்று பின்னேரம் மன்னாருக்குத் திரும்பியபின், கழுதைகள் மேயும் கோட்டை வெளியில் நிறுத்திய பஸ்ஸின் படியில் தண்டயல் தனியே இருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏழு நாள் பழகினனான், மாஸ்டர்" என்றார். "இந்த வெளியிலதான். இந்தக் கழுதையளைத் தவிர ஒருத்தரும் காணேல்ல. ஏழாம் நாள் சத்தம் பிடிபட்டுது. பின்கியருக்கு ஒரு தனிச் சத்தம் இருக்குது."

"அப்போ மதகில்..."

"கியர் விழுந்துட்டுது. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தன். கிளச்சை விடுற நேரம் பாத்தா, பின்னால பொம்பிளையள் நிக்கிறாங்க. எப்பிடி விடுறது? நடுவில தட்டிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டன்."

கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கள்தான் முதல்ல இறங்கினீங்க. கண்ணாடியில கண்டனான். ஆர் மறந்தாலும் நான் அதை மறக்கன்."

வாயை மூடிக்கொண்டேன். கியர் மாற்றும் நேரங்களில் பழகிய பழக்கம்.

அடுத்த மாதம் புதுச் சாரதி வந்தார். இளைஞர், லைசென்ஸில் ஒரு கீறல் இல்லை. மதகில் வண்டி வந்தால், பேசிக்கொண்டே பின்கியரைப் போட்டு ஒரு நிமிஷத்தில் விலகுவார். பஸ்ஸில் எவரும் எப்போதும் பேசலாம். திங்கட்கிழமைகளில் முதல் மணி அடிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே, கறையில்லாத சட்டையுடன் நான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். அந்த ஒரு மணித்தியாலத்தை என்ன செய்வதென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.