பரஸ்தானம் போன சப்பாத்து

ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டு வீட்டில் உட்காரும் மனிதனை உலகம் ஒரே வாக்கியத்தால் கொன்றுவிடும். “சும்மாதானே இருக்கீங்க.” ரொட்டிக்காரனுக்காக வாசலில் காத்திருக்க வேண்டுமா, சும்மாதானே இருக்கீங்க. பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பால் ஊற்ற வேண்டுமா, சும்மாதானே இருக்கீங்க. தண்ணீர் இலாகாவில் கிராணியாக இருந்து, மலாக்கா டவுனில் பாதிப் பேர் வீட்டுக் குழாயைத் திறக்கவும் அடைக்கவும் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு இந்தக் கதி! அந்த எரிச்சலில்தான் கினபாலு மலையில் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

மலேசியா உருவான புதிது அது. நேற்றுவரை கடலுக்கு அந்தப் பக்கம் அடுத்தவன் ஊரில் இருந்த கினபாலு திடீரென்று நம் நாட்டு மலையாகிவிட்டது. அதுவும் நாட்டிலேயே ஆக உயரமான மலை. அதன் உச்சியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக் கூடத்தில் மாட்டிவிட்டால், பிறகு எவன் என்னைப் பார்த்துச் சும்மா இருக்கிறேன் என்பான்? (அதுவரை நான் ஏறிய ஆக உயரமான இடம் இலாகாவின் தண்ணீர்த் தொட்டி. அதிலும் பாதியில் தலை சுற்றி இறங்கிவிட்டேன்.)

ஏற்பாடெல்லாம் நண்பர் நாய்க்கருடையது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் இருந்தார். மலாக்காச் செட்டிக்காரர். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். நில அளவை வேலையில் காடு மேடெல்லாம் சுற்றி ஓய்வு பெற்றவர். கினபாலு அடிவாரத்தில் அந்த மலைப்பக்கத்துக் கடசான் பழங்குடிக்காரர் ஒருவர் ஆட்களை மேலே கூட்டிப் போகிறார் என்று விசாரித்து, நாலைந்து கிழவர்களைத் திரட்டியவரும் அவர்தான். அந்த வழிகாட்டி கண்டிப்பாக ஒன்று சொல்லியனுப்பியிருந்தார். சப்பாத்தைப் போட்டு நடந்து நன்றாகப் பழக்கியிருக்க வேண்டும். புதுச் சப்பாத்தோடு வருகிறவனை அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம்.

நானும் ராணுவச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கினேன். தடித்த காலுறை போட வேண்டுமே என்று ஓர் அளவு பெரிதாகவே வாங்கினேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே என் மனைவி தனம் பஞ்சாங்கத்தைப் பிரித்தாள்.

“என்னங்க, கப்பல் என்னிக்கு?”

“இன்னும் சில மாசம் இருக்கு. ஒரு திங்கக்கெழம, சிங்கப்பூர்ல ஏறணும்.”

“திங்கக்கெழம கெழக்கால சூலம். போகக் கூடாது.”

“நாங்க வீட்ட விட்டு வெள்ளிக்கெழமையே கெளம்பிருவோம். சிங்கப்பூரு தெக்கால இருக்கு.”

“சிங்கப்பூருக்கா போறீங்க? மலைக்குத்தானே போறீங்க? மல எந்தப் பக்கம் இருக்கு?”

மலை கிழக்கே இருந்தது. அதை நகர்த்த என்னால் முடியவில்லை.

சூலம் பார்க்காமல் ஈப்போவுக்குப் போன அவளுடைய சின்ன மாமா அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாராம். (சூலம் பார்த்துப் போயிருந்தாலும் செய்திருப்பார்; மனிதரை எனக்குத் தெரியும்.) கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று முடிவானது. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பயணச் சாமானை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கப்பலுக்கு மாதக்கணக்கில் நாள் இருந்தது. ஆனால் தனத்தின் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் மறுநாளே வந்து தொலைத்தது. சப்பாத்தும் கம்பளியும் ஒரு பையில் ஏறி, புக்கிட் பாருவில் கோழி வளர்க்கும் அவள் தம்பி கோவிந்தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

“சப்பாத்த மட்டும் எடுத்தாந்து பழக்கிக்கிறேன்,” என்றேன்.

“போன சாமான் பயணம் முடியாம இந்த வாசப்படி ஏறக் கூடாது. ஏறினா பயணம் நின்னுடும்.”

வேறு இலாகாவுக்குப் போய்விட்ட கோப்பைத் தொடக் கூடாது என்று பழகிய கிராணி புத்தி எனக்கு. கத்தினேன், இரண்டு வேளை பசியாறாமல் இருந்தேன், பிறகு அடங்கிவிட்டேன். தனமோ வெள்ளிக்கிழமைதோறும் புக்கிட் பாருவுக்குப் போய் அந்தப் பைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தாள். சைக்கிள் லைசென்ஸைப் புதுப்பிப்பது மாதிரி பரஸ்தானத்தைப் புதுப்பிக்கிறாளாம்.

காலையில் நாய்க்கரும் நானும் புக்கிட் சீனாவில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்தோம். அவர் சப்பாத்தோடு, நான் ஜப்பான் சிலிப்பரோடு. “மானா காசூட்?” என்பார் தினமும். சப்பாத்து எங்கே என்று கேட்கிறார். அது பயணம் புறப்பட்டுவிட்டது என்றேன். ஆள் இங்கே நிற்கும்போது சப்பாத்து எப்படிப் புறப்படும் என்று கேட்டார். அதை விளக்க என் மலாய் போதவில்லை. தமிழில் சொன்னாலும் விளங்கியிருக்காது.

கடைசிப் பயிற்சியாக லேடாங் மலையில் ஏறிப் பார்த்துவிடலாம் என்று நாய்க்கர் கூட்டிப் போனார். முதல் நாள் மழை. வழியெல்லாம் வேர், வேரெல்லாம் பாசி. பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், சிலிப்பர் வார் பிய்ந்தது, கால் வழுக்கி ஒரு வேருக்கடியில் மாட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் லேடாங் மலைக் குரங்குகள் ஜொகூர் பக்கம் ஓடியிருக்கும்.

அப்போது கீழிருந்து தப்தப்பென்று யாரோ ஏறி வந்தார்கள். பார்த்தால் கோவிந்தன். தனம் கொடுத்தனுப்பிய புளிச்சோற்றுத் தூக்கு கையில் இருந்தது. மலையாட்டைப் போல வந்து நின்றான். அவன் காலைப் பார்த்ததும் என் வலி மறந்துபோனது.

“டேய், கால்ல என்னடா?”

“சப்பாத்து அத்தான்.”

“யாரு சப்பாத்து?”

“ஒங்களுதுதான். கோழிக் கொட்டாயில ஒரே சகதி. சும்மாதானே இருக்குன்னு மாட்டிக்கிட்டேன். இப்ப ரொம்ப மெத்துன்னு ஆயிருச்சு அத்தான்!”

கழற்றச் சொல்லி அங்கேயே பிடுங்கி என் காலில் மாட்டப் பார்த்தேன். கணுக்கால் அதற்குள் பலாக்காயாக வீங்கியிருந்தது. ஓர் அளவு பெரிதாக வாங்கியும் நுழையவில்லை. கோவிந்தனுக்கோ அது அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. கடைசியில் அவன் அதை மறுபடி மாட்டிக்கொண்டு என்னை முதுகில் தூக்கி இறக்கினான். என் சப்பாத்து மலை இறங்கியது, நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

எலும்பில் கீறல் என்று காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டில் தனத்திடம் குமுறினேன்.

“ஒந்தம்பி பரஸ்தானத்தையே ஒடச்சிட்டான்! கோழிக் கொட்டாயில போட்டு மிதிச்சிருக்கான்!”

“அதுல என்ன ஒடஞ்சிச்சு? இந்த வீட்டுக்கு வரக் கூடாதுன்னுதானே சொன்னேன்? நீங்களும் புக்கிட் பாருவுல போயி மாட்டிக்கிட்டு நடந்திருக்க வேண்டியதுதானே? யாரு வேணாம்னா?”

“அத ஏன் அப்பவே சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? கத்துனீங்க.”

அந்த நேரம் பார்த்து நாய்க்கர் வந்தார். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த (படியேறக் கூடாதே!) கோவிந்தனின் காலையே பார்த்தார். குனிந்து சப்பாத்தை அமுக்கியும் பார்த்தார். “சூடா பாகூஸ்!” என்றார். நன்றாகப் பழகிவிட்டதாம். குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இந்தச் சப்பாத்து வந்தால் வழிகாட்டி மறுக்க மாட்டார் என்றார்.

“பரஸ்தானமும் வீணாப் போகாது,” என்றாள் தனம்.

“கோழிய யாரு பாக்கிறது?” என்றான் கோவிந்தன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தனம் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

அவர்கள் கினபாலுவில் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் நான் புக்கிட் பாருவில் மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு கோழிகளுக்குத் தவிடு இறைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாத கௌரவம் எதற்கு, சொல்லிவிடுகிறேன்: ஒருநாள் அந்தக் கோழிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த மலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

பயணம் முடிந்து கோவிந்தன் எங்கள் வாசலுக்கு வந்தபோது தனம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவனுக்குச் சுற்றுவாள் என்று பார்த்தால், சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைக்கச் சொல்லி முதலில் அதற்குத்தான் சுற்றினாள். நல்ல நாளில் புறப்பட்டது அதுதானே!

உச்சியில் எடுத்த போட்டோ நான் ஆசைப்பட்டபடியே கூடத்தில் மாட்டியிருக்கிறது. மேகமும் கம்பளியும் மறைத்ததில் கோவிந்தனின் முகம் தெரியாது. சப்பாத்து மட்டும் பளிச்சென்று தெரியும். யாரென்று கேட்கிறவர்களிடம், “இவரோட சப்பாத்து” என்கிறாள் தனம். நாய்க்கர் இன்றும் தெருவில் என்னைக் கண்டால் நலம் விசாரிப்பதில்லை, “மானா காசூட்?” என்றுதான் கேட்கிறார்.

சில வருஷம் கழித்து எங்கள் கடைசி மகன் லண்டனுக்குப் படிக்கக் கிளம்பினான். விமானம் ஏறும் நாள் சரியில்லை என்று தனம் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு அவன் பெட்டியைத் தூக்கினாள். பையன் என்னையும் சுவரில் இருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, “அம்மா, பெட்டியோட நானும் போயிர்றேன்” என்று கிளம்பிப் போய், விமானம் ஏறும்வரை புக்கிட் பாருவில் கோழிகளோடேயே இருந்துவிட்டான்.