முகம் மறைக்கும் கொள்கை

உண்மையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதைக் கண்ணியமாக மங்கலாக்கி வெளியிடுவதுதான் பத்திரிகை தர்மம். அந்த நாளிதழ் அதில் கரைகண்டது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ முகத்தையோ அது ஒருநாளும் அச்சிட்டதில்லை.

தையற்காரியின் மகள் விஷயத்திலும் அப்படியே. ஓவிய வகுப்பில் வாத்தியார் செய்ததை மகள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா காவல் நிலையத்தில் சொன்னாள். நாளிதழ் ஊருக்கே சொன்னது. மகளின் பெயர் இல்லை, படத்தில் முகம் மங்கல். அவளுக்குப் பின்னால் வீட்டு வாசலும் 'துணி தைத்துத் தரப்படும்' என்ற பலகையும் மட்டும் பளிச்சென்று இருந்தன. வழக்கு முடியவில்லை அல்லவா, வாத்தியாரின் பெயருக்கும் அதே கண்ணியம்: 'பிரபல ஓவியர்'.

தையற்காரி பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள்.

"பேர் போடலையேம்மா," என்றார் செய்தி ஆசிரியர் கனிவாக.

"பலகையைப் போட்டீங்களே சார். அளவு கொடுக்கணும்னு காலையிலேர்ந்து கூட்டம். ஒருத்தர் கையிலயும் துணி இல்ல. எல்லாரும் உள்ள எட்டிப் பார்க்கத்தான் வர்றாங்க. பொண்ணு கட்டிலுக்கு அடியிலேர்ந்து வரமாட்டேங்குறா."

அந்தப் படத்தை இனிப் போடக்கூடாது என்றாள். பிள்ளை ஏதாவது சொன்னால் அதட்டாமல் முதலில் நம்புங்கள் என்று மருத்துவமனையில் சொல்லித் தந்த நாலு வரியை மற்றத் தாய்மாருக்காகப் போடச் சொன்னாள். செய்தி ஆசிரியர் நெகிழ்ந்தார். நெகிழ்ந்த கையோடு அவசரக் கூட்டம் கூட்டினார்.

மறுநாள் கட்டம் கட்டி 'வருந்துகிறோம்' வெளியானது: 'நேற்றைய படத்தால், சந்தைக்குப் பின்தெருவில் தையற்கடை நடத்தும் அந்தத் தாய்க்கு ஏற்பட்ட மனவேதனைக்கு...' படத்தைப் பார்க்கத் தவறியவர்களுக்கும் வழி கிடைத்தது. பிற்பகலுக்குள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

தையற்காரி கதவைச் சாத்திவிட்டு, தொலைபேசியில் செய்தி ஆசிரியரிடம் அந்த நாலு வரியைப் பற்றிக் கேட்டாள்.

"இடம் இல்லாம போச்சும்மா. கடைசி நேரத்துல விளம்பரம் வந்துருச்சு. அது வேற பிரிவு. அதுல நாங்க தலையிடறதில்ல, அதுதான் எங்க கொள்கை."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். 'விடுமுறை ஓவிய வகுப்பு. உங்கள் செல்லங்களை நம்பி அனுப்புங்கள்.' கீழே வாத்தியாரின் முழுப் பெயர், முகவரி, பல் தெரியச் சிரிக்கும் முகம்.

ஒரு முகத்தை மங்கலே இல்லாமல் அச்சிட அந்த நாளிதழுக்குத் தெரியாது என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.