கறிக்கு ஒரு குடும்பத் தலைவர்

நான் சொல்லப்போவதை எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நாட்டின் பெயர் கரட்டுநாடு என்றுதான் நினைக்கிறேன். ராஜாவின் பெயர் மறந்துவிட்டது. ஒச்சம்மாவின் கிடா கறுப்பா, செம்மண் நிறமா என்பதைக்கூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சட்டங்கள் மட்டும் வரிசை தப்பாமல் நினைவில் இருக்கின்றன.

கரட்டுநாட்டின் தென்கோடியில் ஆலங்கரடு என்று ஓர் ஊர். பன்னிரண்டே வீடுகள். மாதம் ஒரு வீட்டார் தாங்கள் வளர்த்த ஆட்டை அறுப்பார்கள். ஒரு வீடு ஒரே நாளில் ஓர் ஆட்டைத் தின்று தீர்க்க முடியாது என்பதால் கறியைத் தேக்கிலைகளில் பன்னிரண்டு கூறாகப் போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, எலும்பு, கொழுப்பு. மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சும் கூறுதான் அறுத்த வீட்டுக்கு. அதனால் கூறுகள் எப்போதும் சமமாகவே இருந்தன.

அந்தச் சுற்றில் பதினோரு வீடுகள் அறுத்து முடித்திருந்தன. பன்னிரண்டாவது ஒச்சம்மாவின் முறை. அந்த நேரத்தில்தான் தலைநகரில் அரண்மனை விருந்து உண்ட மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சுகாதார அமைச்சர் கூத்தபிரான் விசாரணை நடத்தினார். அரண்மனைக் கறி முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. ஆகவே அதன்மேல் குற்றம் இருக்க முடியாது. நாட்டில் எங்கோ பரிசோதிக்கப்படாமல் இருக்கும் கறியின் மேல்தான் குற்றம் இருக்க வேண்டும் என்று அறிக்கை அளித்தார். அவை அதை ஏற்றுக்கொண்டது.

வீட்டில் வளர்த்து வீட்டில் அறுக்கும் ஆட்டையும் கண்காணிப்பாளர் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. உயிரோடு ஒருமுறை, அறுத்தபின் ஒருமுறை. எண்பது ஊர்களுக்கும் ஒரே கண்காணிப்பாளர், பெயர் திருமேனிநாதன். உயிருள்ள ஆடுகளைச் செவ்வாயன்று பார்ப்பார். பார்த்த அன்றே அறுத்துவிட வேண்டும். அறுத்ததை வெள்ளியன்று வந்து பார்ப்பார். பக்கத்து ஊரில் ஒருவர் விதிப்படியே நடந்துகொண்டார். வெள்ளிக்கிழமை திருமேனிநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘வீட்டுக் கறி கெட்டது’ என்று எழுதிச் சென்றார். சட்டம் எவ்வளவு அவசியமானது என்பதற்குச் சான்றாக அந்தக் குறிப்பு அவையில் வாசிக்கப்பட்டது.

முணுமுணுப்பு எழுந்தது. ராஜா இளகிய மனம் உள்ளவர். சொந்தக் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் அறுப்பவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று சட்டத்தைத் திருத்தினார். வேறொரு குடும்பத்துக்கு ஒரு துண்டு போனாலும் ஆறு மாதம் சிறை.

திருமேனிநாதன் ஆலங்கரட்டுக்கு வந்து இதை விளக்கினார்.

“நீங்கள் தாராளமாக அறுக்கலாம். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் உண்ணலாம்.”

“என் குடும்பம்னா நானும் என் வீட்டுக்காரரும்தாங்கய்யா. அவருக்குப் பல்லு கெடையாது” என்றாள் ஒச்சம்மா. “மத்த வீட்டுக்குக் குடுக்கணும்ல?”

“அது விநியோகம்.”

“குடுக்கறது தப்பாங்கய்யா?”

“கொடுப்பது தப்பில்லை. பரிசோதிக்காமல் கொடுப்பதுதான் தப்பு.”

“சரி, பரிசோதிங்க.”

“செவ்வாய்க்கிழமை வருகிறேன்.”

அவர் போனபின் அடுத்த வீட்டு வீராயி தன் வாசலில் நின்று பொதுவாகச் சொன்னாள்: “பதினோரு வீட்டுக் கறிய வாங்கித் தின்னப்ப சட்டம் இல்ல. தான் குடுக்குற முறை வந்ததும் சட்டம் வந்து நிக்குது. சிலபேருக்கு அமையுது.”

அன்று ஒச்சம்மா சோறு உண்ணவில்லை என்று சொன்னார்கள். மறுநாள் ஊரைக் கூட்டினாள். பன்னிரண்டு வீடும் ஒரே குடும்பமாகப் பதிந்துகொண்டால் பங்கு போடுவது விநியோகம் ஆகாதே என்றாள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பதிவுத்தாளில் குடும்பத் தலைவர் யார் என்று எழுத வேண்டியிருந்தது.

“எங்க மாமனப் போடு” என்றாள் வீராயி.

“ஒங்க மாமனுக்குக் கீழ இருக்கறதுக்கு நான் கறியே திங்காம இருந்துக்கறேன்” என்றான் எதிர்வீட்டுச் சங்கிலி.

மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒவ்வொரு பண்டிகை அறிவிப்பையும் ராஜா ‘என் குடும்பத்தாரே’ என்றுதான் தொடங்குவார் என்பது ஒச்சம்மாவின் நினைவுக்கு வந்தது. ராஜாவின் பெயரை எழுத யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அவர் யாருடைய மாமனும் இல்லை.

திருமேனிநாதன் தாளை வாங்கிப் படித்தார்.

“தலைவர் பெயர், ராஜா. எந்த ராஜா?”

“நமக்கு எத்தன ராஜாங்கய்யா இருக்காக?”

“இதை நான் எப்படிப் பதிவது?”

“அப்ப ராஜா எங்க குடும்பம் இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க. சாவடியில ஒட்டிக்கறோம்.”

கண்காணிப்பாளர் முத்திரை குத்தினார்.

அன்றே கிடா அறுக்கப்பட்டது. பன்னிரண்டு தேக்கிலைகள் விரித்தார்கள். முதல் கூறை எடுத்த வீராயி, “ஈரல் கொஞ்சம் கூடவே இருக்காப்ல இருக்கே” என்றாள்.

“நான் பதினோரு வீட்டுல தின்னவளாச்சே” என்றாள் ஒச்சம்மா.

இருவரும் சிரித்தார்கள். மிஞ்சிய கூறை ஒச்சம்மா வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

செய்தி பரவியது. மூன்றே மாதங்களில் கரட்டுநாட்டின் எல்லா ஊர்களும் ராஜாவைக் குடும்பத் தலைவராகப் பதிந்துகொண்டன. ராஜா கண்கலங்கினார் என்று அரண்மனைக் குறிப்பு சொல்கிறது. கூத்தபிரான் கலங்கவில்லை. அவர் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, குடும்பத்தின் கால்நடைகள் யாவும் தலைவருக்கே உரியவை என்ற பகுதியை அவையில் நிதானமாக வாசித்தார். அன்றுமுதல் ஆடு அறுக்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்றானது. அடுத்த சுற்றில் முதல் முறை வீராயியுடையது. அவள் தலைநகருக்கு மனு அனுப்பினாள்.

மனு போய்ச் சேர்வதற்குள் தேர்தல் வந்தது. அந்த நாட்டில் ராஜாவையும் தேர்ந்தெடுக்கத்தான் செய்தார்கள். குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அதைத் தலைவர் போடுவார். வாக்குச்சாவடிக்குப் போன ஆலங்கரட்டுக்காரர்களிடம், அவர்கள் குடும்பத்தின் வாக்கு காலையிலேயே பதிவாகிவிட்டதாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் அப்படித்தான். ஒரே குடும்பம், ஒரே வாக்கு. தேர்தல் எந்த அசம்பாவிதமும் இன்றி அமைதியாக நடந்தது.

ராஜா ராஜாவாகவே இருந்தார். கூத்தபிரான் அடுத்த சுகாதாரச் சட்டத்தை எழுதினார். திருமேனிநாதனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆடுகளை எண்ணி அரண்மனைக்கு ஓட்டிப்போகும் பொறுப்பு. வீராயியின் மனுவுக்குப் பதில் வரவில்லை. மனு நிலுவையில் இருந்ததால் அவள் கிடாவை யாரும் ஓட்டிப்போகவில்லை; அது கிழடாகி, கட்டுத்தறியிலேயே செத்தது. ஆலங்கரட்டில் அதன்பின் யாரும் ஆடு வளர்க்கவில்லை. வீராயி சாகும்வரை ஒச்சம்மாவுக்கு ஒரு கூறு பாக்கி வைத்திருந்தாள். ஒச்சம்மா அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.