செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரவும்

ஏழூற்று நாட்டில் மழை நின்றுபோன ஆண்டுகள் உண்டு. முரசு நின்றுபோன நாள் கிடையாது. வாகைக்கோன் ஆட்சியின் பதினான்காம் ஆண்டில், 'நம் நாட்டில் நாதியற்ற நாயே இல்லை' என்று முரசறைந்தார்கள். மறுநாளே நாய்க் காப்பகத்துக்கு அரண்மனையிலிருந்து வரும் கம்புத் தானியமும் மருந்தும் நின்றன. இல்லாத நாய்க்கு எதற்கு என்றார்கள்.

காப்பகத்தைச் சிலம்பாயி நடத்தினாள். நாற்பத்தொரு நாய்கள். வெறி பிடிக்காமலிருக்க மருந்து கொடுத்து, புண் ஆற்றி, வீடு தேடித் தருவாள். அவள் வந்த பிறகு ஊரில் நாய்க்கடிச் சாவு இல்லை. மனைவி இறந்தபின் வாய் திறக்காத குயவர் ஒருவர், அங்கிருந்து கூட்டிப்போன நாயோடு பேசத் தொடங்கி, பிறகு மனிதர்களோடும் பேசினார்.

நாய் கேட்டு வருபவர்களுக்கு அவள் வைத்த முறை ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். கூப்பிடக் கூடாது. பிடித்திருந்தால் நாய் வரும். எத்தனையோ முறை பார்த்தும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். அடிபட்டுத் துரத்தப்பட்ட ஒன்று, மறுபடியும் ஒரு மனிதனை நோக்கி நடக்கிறதே.

மருந்து நின்றதும் தெருவில் கடி தொடங்கியது. தச்சன் மாரப்பன் ரத்தக் காலோடு வைத்தியரிடம் போனான்.

"நாய்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லப்பா. முள்ளு குத்திச்சுன்னு சொல்லு."

"முள்ளு துரத்திட்டு வருமாங்க?"

சிலம்பாயிதான் புண்ணைக் கழுவிக் கட்டினாள். அடுத்த வாரம் முரசு வந்தது: தெருவில் நொண்டுவது வதந்தி பரப்புவதாகும்.

தேர்தல் நெருங்கியது. அந்நாட்டில் மன்னர் சதுக்கத்தில் வீற்றிருப்பார். மக்கள் எழுந்து அவர் பக்கம் போய் நிற்பார்கள். அதுதான் தேர்தல். அமைச்சர் மாடக்கண்ணர் காப்பகத்துக்கு வந்தார்.

"மன்னரின் ஓவியத்தில் நாய் ஒன்று இடம்பெற வேண்டுமென்று சபை கருதுகிறது. இல்லாத நாய்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

"அதுங்கதான் தேர்ந்தெடுக்கும் ஐயா. மன்னர் செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காரட்டும்."

"அரச பாதுகையைக் கழற்றச் சட்டத்தில் இடமில்லை. நாளை அஸ்தமனத்துக்குள் ஒரு நாய் மன்னரிடம் வர வேண்டும். வராவிட்டால் நாதியற்ற நாய்கள் யாவும் ஆற்றுக்கு அப்பால் சிறுத்தைக் காட்டுக்குத் துரத்தப்படும்."

"இல்லாத நாய்ங்களையா ஐயா?"

"அவற்றைத்தான்."

மறுநாள் மன்னர் சிம்மாசனத்தோடு வந்தார். வேலிக்கு வெளியே ஊர் கூடியது. ஒரு நாயும் அசையவில்லை. இறைச்சி காட்டினார்கள். தின்றுவிட்டு அவை பழைய இடத்துக்கே போயின.

"நாய்களுக்கு முறையாக அறிவிக்கப்பட்டதா?" என்றார் அமைச்சர்.

குருட்டு நாய் மூக்கன், சிலம்பாயி சீட்டியடித்தால் எங்கும் வரும். சிம்மாசனத்தின் பின்னால் நின்று ஒருமுறை அடித்தால் போதும், நாற்பத்தொரு உயிர் பிழைக்கும். உதட்டைக் குவித்தாள். மன்னர் கழற்றாத பாதுகை கண்ணில் பட்டது. உதட்டை மூடிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தது. வெளியே மாரப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தான். பக்கத்தில் குயவர் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக ஊரே உட்கார்ந்தது. யாரும் கூப்பிடவில்லை.

மூக்கன் எழுந்தது. மோந்துகொண்டே சிம்மாசனத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, மாரப்பனின் கட்டுப்போட்ட காலில் தலையை வைத்தது. நாய் கடித்த கால் அது. மாரப்பன் அழுதான். பின்னாலேயே மற்றவையும் எழுந்தன. சிலம்பாயிக்கு மூச்சு நின்றது. மன்னருக்குக் குடை பிடித்தவனும் குடையை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அவனிடமும் ஒன்று வந்தது.

அஸ்தமனத்தில் தளபதி தடிகளோடு வந்தார்.

"நாதியற்ற நாய் எது?"

ஒவ்வொரு நாயின் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். தளபதி வெகுநேரம் பார்த்துவிட்டு, 'நாட்டில் நாதியற்ற நாய் இல்லை' என்று ஓலையில் எழுதினார். முதன்முறையாக ஓர் அரச அறிவிப்பு உண்மையாயிற்று.

மறுநாள் காலை, காப்பக வாசலில் புதிதாக இரண்டு குட்டிகள் கிடந்தன. அருகே யாரோ ஒரு மூட்டைக் கம்பு வைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் தேர்தல். மக்கள் நாய்களோடு சதுக்கத்துக்கு வந்தார்கள். ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். முரசு முழங்கியது. யாரும் எழவில்லை. சிம்மாசனத்தின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிற்று.

அமைச்சர் குனிந்து வந்து சிலம்பாயியின் காதருகே கேட்டார்.

"என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"கூப்பிடக் கூடாதுங்க ஐயா. காத்திருக்கணும்."

சொல்லிவிட்டு மன்னரின் காலைப் பார்த்தாள். பாதுகை அப்படியே இருந்தது.